கந்தை

கந்தை: கிழிந்து நைந்த துணி, ஒட்டுப்போட்ட ஆடை. ‘கந்தல்’ என்பதும் இதுவே.

வடமொழியில் ‘கந்தா’ என்றால் துண்டுத்துணிகளை இணைத்துத் தைத்த ஆடை, போர்வை. நம் கந்தையை அகராதிகள் அச்சொல்லோடு சேர்த்தே காட்டுகின்றன. வங்கத்தில் அதுவே ‘காந்தா’ ஆயிற்று. பழஞ்சேலைகளை நாலைந்து அடுக்காகப் பரப்பி, சேலைக்கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஊசியை ஏற்றி இறக்கி ஓட்டுத்தையல் போடுவார்கள். நெருக்கமான அந்தத் தையலில் துணி அலையலையாகச் சுருங்கி மெத்தென்று ஆகிவிடும். இப்படித் தைத்த போர்வை கன்னடத்தில் ‘கவுதி’, தெலுங்கில் ‘பொந்த’.

தமிழோடு இவ்விரு மொழிகளும் வீடுகளில் புழங்கும் மாவட்டங்களில் ஒன்று தருமபுரி. அங்கே கடத்தூர் போன்ற சிற்றூரிலும் தையற்கடை மூலையில் வெட்டுத்துணி குவிந்து கிடக்கும். அதை இணைத்துத் தைத்தால் மார்கழிக் குளிருக்குப் போதும்.

ஒரே சொல் வங்கத்தில் கலைக்குப் பெயராகி நிமிர்ந்து நிற்க, தமிழிலோ வறுமைக்கு அடையாளமாகக் குறுகிவிட்டது. கந்தையையும் கசக்கிக் கட்டச் சொன்ன பழமொழி நம்முடையது. பாட்டியின் பழஞ்சேலையைத் தூக்கி எறியாதீர்கள், மடித்துத் தையுங்கள். துணியோடு சொல்லும் பிழைக்கும்.