தீவுகளின் அழிவும் நதியின் சிறையும்: லூசியானாக் கரையோரப் புகலிடங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சூறாவளியை இயற்கையின் சீற்றம் என வருணித்து அமைதி காண்பது எளிது. ஆயின், ஒரு காலத்திற் புயலுக்குப் பின் மீண்டெழுந்த தீவுகள் பிறிதொரு காலத்தில் மீளாது கரைந்துபோவது ஏன் என்னும் வினா வானிலை ஆராய்ச்சியோடு முடிந்துவிடுவதன்று. அது வரலாற்று வினாவுமாகும். ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலக் கரையோரம் அவ்வினாவை ஆராய்தற்குத் தக்க களமாக அமைகின்றது.

அக்கரையோரம் மிசிசிப்பி நதி பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொணர்ந்து குவித்த வண்டலால் உருவானது. நதி தன் போக்கை மாற்றுந்தோறும் பழைய கழிமுகம் அமிழும். அதன் மணலை அலைகள் அள்ளித் தடுப்புத் தீவுகளாக ஒதுக்கும். அதேவேளை புதிய கழிமுகம் வேறிடத்தில் வளரும். ஷாண்டலியர், பிறெற்றன் தீவுகள் இவ்வாறு தோன்றியவையே. அழிவும் ஆக்கமும் இங்கு ஒரே இயக்கத்தின் இரு கூறுகளாக இருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

இத்தீவுகளை மனிதர் பயன்கொண்ட முறையைச் சமூக உறவுகளே நிர்ணயித்தன. 'இறுதித் தீவு' எனப்பட்ட தடுப்புத் தீவு, அடிமை உழைப்பிற் செழித்த பெருந்தோட்ட உடைமையாளரின் கோடை வாசஸ்தலமாயிருந்தது. 1856 ஆகஸ்ட் 10ஆந் திகதி வீசிய சூறாவளி அதனை அழித்தது. மாண்டோர் ஏறத்தாழ இருநூறு பேர். அவர்களுள், தம் விருப்பின்றி அங்கு கொண்டுசெல்லப்பட்டிருந்த அடிமைகளும் அடங்குவர். சிதறுண்ட அத்தீவின் எச்சங்கள் பின்னாளிற் பறவைப் புகலிடமாயின.

பிறெற்றன் புகலிடம் 1904இல் சனாதிபதி தியடோர் றூஸ்வெல்ற்றினாற் பிரகடனஞ் செய்யப்பட்டது. நாகரிகத் தொப்பிகளுக்கான இறகு வாணிபமும் முட்டை சேகரிப்போரும் கடற்பறவைகளை அருகச் செய்திருந்த காலம் அது. சந்தையின் ஒரு கொள்ளைக்கு அரசு எல்லை வகுத்தது. அது முற்போக்கான செயலே. எனினும் அதே 1904இல், தென்கரைக்கு நீரும் வண்டலும் கொண்டுசென்ற லவூர்ஷ் கிளையாறு, வெள்ளத் தடுப்பின் பொருட்டு அதன் தலைப்பில் அடைக்கப்பட்டது. காப்புக்கான ஆணையும் கரையைப் பட்டினியிட்ட அணையும் ஒரே ஆண்டிற் பிறந்தமை தற்செயலாகலாம், அம்முரண்பாடு தற்செயலானதன்று.

1927ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின் பின் அணைக்கட்டுகள் உயர்த்தப்பட்டு நதி சிறைப்பட்டது. வண்டல் ஆழ்கடலிற் கொட்டுண்டது. எண்ணெய்க் கம்பனிகள் சதுப்பு நிலங்களூடே ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கால்வாய்களை வெட்டின. அவற்றின் வழியே உவர்நீர் உட்புகுந்தது. 1960களிற் கப்பற் போக்குவரத்துக்கெனத் திறக்கப்பட்ட மிசிசிப்பி - வளைகுடா வெளிவாய்க்கால், பிறெற்றன் தீவின் அருகே மணலின் இயல்பான நகர்வைத் தடைசெய்தது. அதே காலப்பகுதியிற் பூச்சிகொல்லிகளின் நஞ்சினாற் கபில நிறக் கூழைக்கடா லூசியானாவினின்றே மறைந்தது. புளோரிடாவிலிருந்து குஞ்சுகளைக் கொணர்ந்து 1968 முதல் அதனை மீளக் குடியேற்ற வேண்டியதாயிற்று. வேடனைத் தடுத்த எல்லைக்கோட்டினால் நஞ்சைத் தடுக்க இயலவில்லை.

இந்நிலையிலேயே 2005இன் சூறாவளிகள் வந்தன. கத்ரீனா ஷாண்டலியர் தீவுகளின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 85 வீதத்தை அகற்றியது. 1896இல் எழுந்த வெளிச்சவீடும் அழிந்தது. றீற்றா, மேற்கிலுள்ள சபைன் வனவிலங்குப் புகலிடத்தில், தகர்ந்த வீடுகளையும் எண்ணெய், இரசாயனக் கொள்கலன்களையும் குவித்துச் சென்றது. இவ்விரு புயல்களாலும் மாநிலக் கரையோரத்தில் ஏறத்தாழ 560 சதுர கிலோமீற்றர் நிலம் நீராயிற்று. 1932 முதல் 2016 வரையிலான மொத்த இழப்போ ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீற்றர். புயல்கள் சில நாட்களில் வெளிப்படுத்தியதைப் பல தசாப்தங்கள் ஆயத்தஞ் செய்திருந்தன என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

கைவிடப்பட்ட கழிமுகத்தின் தீவுகள் எவ்வாறாயினும் அழிவனவே என ஒருவர் வாதிக்கலாம். அக்கூற்றில் உண்மையுண்டு, அதனை மறுத்தல் விஞ்ஞான நோக்காகாது. ஆயின் முன்னைய காலங்களில் ஓரிடத்து இழப்பை இன்னோரிடத்து ஆக்கம் ஈடுசெய்தது. நதியைச் சிறையிட்ட பொருளாதாரம் அழிவை நீடிக்கவிட்டு ஆக்கத்தை மட்டுமே பெரிதும் நிறுத்திற்று. மாறியது இவ்விகிதமே.

வெளிவாய்க்கால் 2009இற் கல்லணையால் மூடப்பட்டது. 2010ஆம் ஆண்டு எண்ணெய்க் கசிவுக்காகப் பெறப்பட்ட நிதியைக் கொண்டே வட பிறெற்றன் தீவின் புனரமைப்பு மேற்கொள்ளப்பட்டது. ஒரு பேரழிவின் இழப்பீடே நீண்டகாலச் சிதைவுக்கு மருந்தாக வேண்டியிருந்தது. இலாபம் தனியாருடையதாகவும் இழப்புப் பொதுமக்களுடையதாகவும் இருக்குமிடத்து, வரைபடத்திற் கோடு கீறிக் காக்கப்படும் புகலிடம் அடுத்த புயல் வரையிலேயே புகலிடமாயிருக்கும். அதன் உண்மையான எல்லை நதியின் மேற்பாகம் வரை செல்கின்றது. அந்நதி எவருக்காக ஆளப்படுகின்றது என்ற வினாவிலேயே அத்தீவுகளின் எதிர்காலமும் அடங்கியுள்ளது.