அட்டை யாருடையது? சிம்ப்யூட்டர் விட்டுச்சென்ற கேள்வி

சிம்ப்யூட்டரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு நிறுத்திக்கொள்கின்றனர். ஏழைகளுக்கென்று பெங்களூரில் உருவான கையடக்கக் கணினி அது என்பது ஒன்று. சந்தையில் அது தோற்றது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆனால் அக்கருவியில் அட்டை செருகுவதற்கென இருந்த சிறு இடுக்கு உரிய கவனத்தைப் பெறவில்லை. ஒரு மனிதரைப் பற்றிய பதிவு யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்த இடுக்கு ஒரு தெளிவான விடையை வைத்திருந்தது.

1998 அக்டோபரில் பெங்களூரில், வளரும் நாடுகளுக்கான தகவல் தொழில்நுட்பம் குறித்து ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு நடந்தது. சிம்ப்யூட்டர் என்னும் எண்ணம் அதையொட்டியே பிறந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் கணினி அறிவியல் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர், வி. வினய், ரமேஷ் ஹரிஹரன் ஆகியோரும் என்கோர் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டே முதலியோரும் சேர்ந்து 1999இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை அமைத்தனர். 2001 ஏப்ரலில் முன்மாதிரி வெளியிடப்பட்டது. ஸ்ட்ராங்ஆர்ம் செயலி, லினக்ஸ் இயங்குதளம், தொடுதிரை, மூன்று சிறு பேட்டரிகள், இந்திய மொழிகளில் எழுத்தை வாசித்துக் காட்டும் குரல் மென்பொருள் ஆகியவை அதன் உறுப்புகள். எண்ணிய விலை ஏறத்தாழ 9,000 ரூபாய்.

அக்காலத்தில் 9,000 ரூபாய் ஒரு கூலித் தொழிலாளர் குடும்பத்துக்கு எட்டாத தொகை. இதை வடிவமைப்பாளர்கள் அறிந்தே இருந்தனர். அதனால் கருவியை ஊருக்குப் பொதுவாக்கினர். ஸ்மார்ட் கார்டை ஆளுக்கு ஒன்றாக்கினர். தம் அட்டையைச் செருகியதும் பொதுக்கருவி அவருடையதாகிவிடும். உருவியதும் மீண்டும் பொதுவாகிவிடும். எழுத்தறியாதவரும் தம் அட்டையில் உள்ளதைக் காதால் கேட்டறிய முடியும் என்பதில்தான் குரல் மென்பொருளின் பயன் முழுமை பெற்றது.

இத்தகைய அமைப்பில் மிகப் பெரிய பொறுப்பு மிகச் சிறிய நிரல் ஒன்றின் மீது விழுகிறது. அட்டைக்கும் இயங்குதளத்துக்கும் இடையில் நின்று பேசும் 'டிரைவர்' என்னும் இயக்கி நிரலே அது. அட்டை செருகப்பட்டதும் அதற்கு மின்சாரம் கொடுத்து எழுப்ப வேண்டும். எந்த வேகத்தில், எந்த நெறிமுறையில் பேசுவேன் என்று அட்டை அனுப்பும் முதல் மறுமொழியைப் பிழையின்றிப் படிக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய நேர வரம்புக்குள் விடை வருகிறதா என்று பார்க்க வேண்டும். நேர வரம்பை உறுதியாகக் காப்பதற்கென்றே நிகழ்நேர இயங்குதளங்கள் உள்ளன. சிம்ப்யூட்டரில் இருந்த அக்கால லினக்ஸ் அவ்வகையைச் சேர்ந்ததன்று. அத்தகைய சூழலில் காலக் கணக்கைக் காக்கும் பொறுப்பில் பெரும்பகுதி, இயக்கியை எழுதுபவரையே சேர்கிறது.

இங்கு நேரும் பிழைகளுள் மிகவும் அறியப்பட்டது, எழுதி முடிப்பதற்குள் அட்டையை உருவிவிடுவது. அட்டையின் நினைவகத்தில் ஒரு பதிவை மாற்றச் சில மில்லி நொடிகள் ஆகும். அதற்கிடையில் மின்சாரம் நின்றால் பழைய பதிவு அழிந்திருக்கும். புதியது முழுமையாக வந்திராது. கடன் கணக்கோ கூலிக் கணக்கோ பாதி எழுத்தில் நின்றுவிடும். பழையதை அழிக்காமல் புதியதை வேறோர் இடத்தில் முழுமையாக எழுதி, சரிபார்த்து, இறுதியாக 'இனி இதுவே செல்லும்' என்ற ஒரே குறியை மட்டும் மாற்றுவது இதற்கான மருந்து. சொல்வது எளிது; பிழையைப் பிடிப்பது கடினம். சோதிப்பதற்காக நிரலுக்குள் ஓர் அச்சுவரியைச் சேர்த்தாலே அதனால் உண்டாகும் சிறு தாமதத்தில் பிழை மறைந்துபோவதுண்டு. உட்பொதி கணினித் துறையில் இயக்கிகளோடு பழகியவர்கள் இந்தக் கண்ணாமூச்சியை நன்கு அறிவர்.

சிம்ப்யூட்டரின் வன்பொருள் வரைபடங்கள் பொது உரிமம் ஒன்றின் கீழ் வெளியிடப்பட்டன. மாற்றம் செய்து விற்பவர் அம்மாற்றத்தை ஓராண்டுக்குள் மற்றவர்க்கும் தர வேண்டும் என்பது விதி. பதிவு மக்கள் கையில் இருப்பதோடு, அதைப் படிக்கும் கருவியின் பிழையும் எவரும் கண்டு திருத்தத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது இதன் உட்பொருள் எனலாம்.

ஆனால் வரலாறு வேறு வழியில் சென்றது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தயாரித்த 'அமிடா' சிம்ப்யூட்டர் 2004இல்தான் சந்தைக்கு வந்தது. விலையும் எண்ணியதைக் கடந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் கைப்பேசியைக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. சிம்ப்யூட்டர் விற்பனை சில ஆயிரங்களோடு நின்றது. ஸ்மார்ட் கார்டு மட்டும் ஏழைகள் கைக்கு வந்து சேர்ந்தது. சிம் கார்டும் அதே இனத்துச் சில்லு அட்டைதான். சில தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் பயனர் அதில் வைத்துக்கொள்ள முடிந்தது உண்மை. எனினும் அதன் முதன்மைப் பணி நிறுவனத்துக்குத் தன் வாடிக்கையாளரை அடையாளம் காட்டுவது. சிம்ப்யூட்டரில் கருவி பொது, அட்டை தனியுடைமை. கைப்பேசியில் கருவி தனியுடைமையானது. அட்டையின் சாவியோ நிறுவனத்திடம் இருந்தது.

அடுத்த கட்டத்தில் அட்டையே தேவையற்றதாயிற்று. 2010 செப்டம்பரில் வழங்கத் தொடங்கிய ஆதார், அடிப்படையில் 12 இலக்க எண்தான். பதிவு மையத் தரவுத்தளத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017 முதல் வழங்கப்பட்ட ஸ்மார்ட் குடும்ப அட்டையில் கியூஆர் குறியீடு உண்டு. கடையில் உள்ள கருவி அதைப் படித்த பிறகே கணக்கு விரிகிறது. அட்டை தொலைந்தாலும் பதிவு தொலையாது என்பது இம்முறையின் பெரும் நன்மை. சிம்ப்யூட்டர் முறையின் பெரும் குறையும் இதுவே. சில கிலோபைட் மட்டும் கொள்ளும் அட்டைக்கு நகல் வேண்டுமென்றால், எங்கோ ஓர் அலுவலகப் பேரேடு இருந்தே ஆக வேண்டும்.

ஆயினும் இழந்தது ஒன்று உண்டு. அட்டையில் பிழை இருந்தால் அது உரியவர் கையிலேயே இருக்கும். செருகிக் கேட்டு, 'இது தவறு' என்று அவர் அங்கேயே சுட்டிக்காட்ட முடியும். நியாயவிலைக் கடையில் கைரேகை பொருந்தவில்லை என்று கருவி சொல்லும்போது, பிழை விரலிலா, உணரியிலா, இணைப்பிலா, தரவுத்தளத்திலா என்பதை வரிசையில் நிற்பவரால் அறிய முடியாது. எடைபோடுபவராலும் அறிய முடியாது. பொறியாளருக்கு அது களைய வேண்டிய ஒரு பிழை. நிற்பவருக்கு அந்த மாதத்து அரிசி. சிம்ப்யூட்டரை வெற்றி தோல்விக் கணக்கில் மட்டும் வைத்து ஆராய்வோர், பதிவைத் திருத்தும் இடம் ஏழையின் கையிலிருந்து எப்போது, எந்த முடிவுகளால் அகன்றது என்பதையும் சேர்த்து ஆராய வேண்டும்.