தாத்தாவுக்கு எத்தனை பிறந்த வருஷம்?

இந்த எபிசோடை மறைமலை நகரில், என் ரூமிலிருந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவில் ஷிப்ட் பஸ் ஹாரன் கேட்டா பொறுத்துக்குங்க, எடிட்டில் முடிஞ்சவரை எடுத்துடுவேன்.

போன எபிசோடுக்கு அப்புறம் நிறையப் பேர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க. "குடும்ப வரலாறு தேட ஆரம்பிச்சேன். ஒரு பேப்பர் ஒண்ணு சொல்லுது, இன்னொண்ணு வேற சொல்லுது. எதை நம்புறது?" இன்னிக்கு முழுக்க அதுதான்.

நான் இருக்கிற ஊரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். 1876-ல் பிறந்த வேதாசலம் 1898 முதல் 1911 வரை மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்தார். பிறகு, 1916 வாக்கில், தன் பெயரையே தமிழாக்கிக்கொண்டார். வேதம் என்றால் மறை, அசலம் என்றால் மலை. மறைமலை அடிகள் ஆனார். இப்போ ஒரு டேட்டாபேஸில் 'வேதாசலம்' என்று தேடினால் அந்த ஆள் பாதியில் காணாமல் போவார். 'மறைமலை' என்று தேடினால் நாற்பது வயதில் திடீரென்று முளைப்பார். அவர் பெரிய மனுஷர், அதனால ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு நமக்குத் தெரியும். உங்க கொள்ளுத்தாத்தாவுக்கு அந்தத் தகவலைச் சொல்ல யார் இருக்கா?

ரெண்டு ரெக்கார்டைச் சேர்க்க நாம் பயன்படுத்துவது மூணு விஷயம்: பெயர், வருஷம், ஊர். நம்ம பக்கத்தில் மூணுமே நகர்ந்துகொண்டே இருந்தவை.

பெயர் மாறியதற்கு உள்ளூர்க் காரணம் ஒண்ணு உண்டு. 1929 பிப்ரவரியில், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், செங்கல்பட்டில்தான் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு நடந்தது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அதுக்கப்புறம் நிறையப் பேர் பட்டத்தை விட்டார்கள், விடாதவர்களும் உண்டு, அண்ணன் விட்டு, தம்பி வைத்துக்கொண்ட வீடுகளும் உண்டு. ஆகவே 1920-ல் பட்டத்தோடு இருக்கும் ஒருவரும் 1940-ல் வெறும் பெயரோடு இருக்கும் ஒருவரும் ஒரே ஆளாக இருக்கலாம். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். ஆங்கிலேயர்களுக்காகச் செய்த வம்சாவளி வெப்சைட்டுகள் இங்கே தடுமாறுவது இதனால்தான். அவங்க ஃபார்மில் 'சர்நேம்' கேட்கிறாங்க.

வருஷம் இன்னும் மோசம். பழைய பத்திரங்களில் தமிழ் வருஷப் பெயர் இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பெயர் திரும்பி வரும். 'விளம்பி' என்று மட்டும் இருந்தால் அது 1898-ஆ, 1958-ஆ, 2018-ஆ? அந்த இடத்தில் கைகொடுப்பது பசலி. தீர்வை ரசீதுகளில் பசலி வருஷம் இருக்கும். அதோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம். ஜூலை 1-ல் தொடங்கி அடுத்த ஜூன் 30-ல் முடியும். இந்தக் கூட்டல் ஒன்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஊர்? செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர் ஆபீஸ் ரொம்ப காலம் சைதாப்பேட்டையில் இருந்தது. பிறகு மாவட்டத்துக்குச் செங்கை எம்.ஜி.ஆர். என்று பெயர் வந்தது. 1997-ல் பிரித்துக் காஞ்சிபுரம், திருவள்ளூர் ஆக்கினார்கள். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம். ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் காஞ்சிபுரத்திலேயே நின்றுவிட்டன. ஒரே கிராமத்தின் பேப்பரைத் தேடி நீங்க மூணு ஆபீஸ் ஏறணும். மறைமலை நகர் என்ற பெயருக்கே அரை நூற்றாண்டுதான் வயசு. அதற்கு முன் இந்த இடமெல்லாம் காட்டாங்கொளத்தூர், பேரமனூர், நின்னக்கரை என்று தனித்தனி ஊர்களாகத்தான் ஆவணத்தில் இருக்கும்.

சரி, எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன். எங்க தாத்தாவுக்கு மூன்று பிறந்த வருஷம். பள்ளிச் சான்றிதழில் 1938 ஜூன் 1. 1995-ல் எடுத்த வாக்காளர் அட்டையில் வயது 60, அதாவது 1935-ஐ ஒட்டி. மூன்றாவது, ஒரகடம் பக்கத்தில் கொள்ளுத்தாத்தா ஒரு ஏக்கர் சொச்சம் புஞ்சையை விற்ற கிரயப் பத்திரம். வருஷம் விளம்பி, கூடவே ஊசி குத்தி வைத்திருந்த கிஸ்தி ரசீதில் பசலி 1368. ஆக 1958. அதில் கொள்ளுத்தாத்தா 'தனக்காகவும் தன் மைனர் குமாரனுக்குக் கார்டியனாகவும்' கையெழுத்துப் போடுகிறார். 1958-ல் மைனர் என்றால் தாத்தா 1940-க்குப் பிறகு பிறந்திருக்க வேண்டும்.

எது சரி என்று கேட்பதை நிறுத்திவிட்டு, இதை யார் எதுக்காக எழுதினாங்கன்னு கேட்க ஆரம்பித்தபோதுதான் வெளிச்சம் வந்தது. அந்தக் காலத்தில் பிறந்த தேதி தெரியாத பிள்ளைக்கு ஹெட்மாஸ்டரே ஒரு தேதி போடுவார். பள்ளி திறப்பது ஜூன், அதனால் ஜூன் பிறந்தநாள். கொஞ்சம் இளமையாகப் போட்டால் நாளைக்கு அரசு வேலைக்கு வயசு வரம்பில் இடிக்காது. உங்க தாத்தா பாட்டிகளில் எத்தனை பேருக்கு ஜூன் மாதப் பிறந்தநாள்னு எண்ணிப் பாருங்க. வாக்காளர் அட்டைக்கு வீட்டுக்கு வந்தவர் வயசு கேட்டிருப்பார், யாரோ குத்துமதிப்பாக 'அறுபது' என்றிருப்பார்கள். ஜனக்கணக்கு ஆட்களுக்கு இது பழகிய விஷயம்: சொல்லப்பட்ட வயதுகள் பூஜ்யத்திலும் ஐந்திலும் முடிவது நம் நாட்டில் எக்கச்சக்கம்.

மைனர் விஷயம்தான் சுவாரஸ்யம். பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. மேஜரான மகன் என்றால், வாங்குகிறவர் அவன் கையெழுத்தையும் கேட்பார். மைனர் என்றால் அப்பாவே அவனுக்கும் சேர்த்துப் போட்டுவிடலாம். 1958-ல் தாத்தா மெட்ராசில் ஒரு அச்சகத்தில் கம்போசிட்டர் வேலை. ஊரில் இல்லை. கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாரா என்பதும் சந்தேகம். அவர் சாகும்வரை அந்த நிலத்தைப் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவார் என்று பாட்டி சொல்வாங்க. அந்த 'மைனர்' என்ற ஒரு வார்த்தையை எழுத்துப்பிழை என்று தள்ளியிருந்தால், எங்க குடும்பத்தில் அறுபது வருஷம் நீடித்த ஒரு கசப்புக்குக் காரணம் எனக்குக் கிடைத்தே இருக்காது. என் ஷீட்டில் இப்போது மூன்று தேதியும் இருக்கின்றன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதியவர் யார் என்ற காலத்தோடு. எதையும் ஓவர்ரைட் பண்ணலை.

அந்தப் பத்திரத்தில் இல்லாத ஒருத்தர் இருக்காங்க. தாத்தாவோட அக்கா, எங்க அத்தைப் பாட்டி. மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை அப்போது சட்டத்தில் கிடையாது; தமிழ்நாட்டில் 1989-ல்தான் வந்தது, அதுவும் அதற்கு முன் கல்யாணம் ஆன பெண்களுக்கு இல்லை. எனவே 1958-ல் அவங்க பெயரை எழுத யாருக்கும் அவசியம் வரலை.

பிறகு எங்கே தேடுவது? இங்கேதான் ஒரு டிப். பத்திரப் பதிவு ஆபீஸில் சொத்துப் பத்திரங்களின் முழு நகலும் முதல் புத்தகத்தில் இருக்கும். அதற்கு ரெண்டு அட்டவணை: ஒன்று ஆள் பெயரில், இன்னொன்று சொத்து வாரியாக. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆன்லைன் வில்லங்கச் சான்று ஒரு குறிப்பிட்ட வருஷம் வரைதான் பின்னால் போகும். அதற்கு முன் என்றால் நேரில் மனுப் போட்டுக் கையால் தேட வேண்டும். எல்லாரும் தன் குடும்பத்துப் பெயரைத்தான் தேடுவாங்க. நீங்க பக்கத்து நிலத்துக்காரர் பத்திரத்தைத் தேடுங்க. ஒவ்வொரு பத்திரத்திலும் செக்குபந்தி என்று நான்கு எல்லை எழுதியிருக்கும்: இன்னார் மனைக்கு மேற்கு, இன்னார் நிலத்துக்குத் தெற்கு. சொந்தப் பத்திரமே இல்லாதவர்கள் அடுத்தவர் பத்திரத்தில் எல்லையாக நிற்பார்கள்.

அத்தைப் பாட்டி அப்படித்தான் கிடைத்தாங்க. 1963-ல் பதிவான ஒரு பக்கத்து வீட்டுப் பத்திரத்தில், கொள்ளுத்தாத்தாவின் மகள் என்ற அடையாளத்தோடு அவங்க பெயரைப் போட்டு, 'மனைக்கு மேற்கு' என்று இருக்கிறது. நத்தத்தில் அவங்க பெயரில் ஒரு மனை இருந்திருக்கிறது. நத்தம் மனைகளுக்குத் தனித்தனிப் பட்டா தருகிற வேலை பின்னால்தான் வந்தது, அதனால் வேறெங்கும் தடம் இல்லை. எங்க வீட்டில் ஒருத்தரும் அந்த மனையைப் பற்றிச் சொன்னதில்லை.

பட்டா என்றதும் இன்னொன்றும் சொல்லணும். 1979-ல் தொடங்கி யு.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளை மொத்தமாகப் புதுப்பித்தார்கள். ஏக்கர்-சென்ட் போய் ஹெக்டேர்-ஏர் வந்தது. பெயர்ப் பிழை, விடுபட்ட பங்குதாரர் என்று அதில் நுழைந்தவற்றைத் திருத்த மக்கள் இன்னமும் தாலுகா ஆபீஸில் மனுவோடு நிற்கிறார்கள். அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேடும் யு.டி.ஆரும் ஒத்துப்போகாத இடம் வந்தால், அங்கே கொஞ்சம் நின்னு பாருங்க.

ஏனென்றால் சில குடும்பங்களுக்கு இந்த முரண்பாடு பொழுதுபோக்கு ஆராய்ச்சி இல்லை. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், இந்த ஜில்லாவின் தலித் மக்கள் நிலமின்றி, மிராசுதாரர் பிடியில் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை வந்தது; அப்படி ஒப்படைத்ததுதான் பஞ்சமி நிலம். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அவர்களுக்குள் மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. பழைய பதிவேட்டில் 'டி.சி.' என்ற ரெண்டெழுத்து அதைச் சொல்லும். பிந்தைய பேப்பரில் வேறு ஒருவர் பெயர் இருக்கும். அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டு மாமல்லபுரம் பக்கம் காரணை கிராமத்தில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். அந்த ரெண்டெழுத்தை யாரோ எழுதி வைத்திருந்ததால்தான் கேட்கவே முடிந்தது.

இன்னும் பின்னால் போகணும்னு ஆசைப்படுறவங்களுக்கு: 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற இன்ஜினியர் இந்தச் சீமையின் சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். அதன் அடிப்படையான ஓலைச்சுவடிக் கணக்குகள் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. உங்க ஊரில் எத்தனை வீடு, என்ன தொழில், எவ்வளவு விளைச்சல், யாருக்கு மானியம் என்று தெரியும். குடும்ப மரம் வரைய அது உதவுவது கஷ்டம். ஆனா உங்க ஊர் எப்படி இருந்துச்சுன்னு பார்க்க அதைவிட நல்ல ஜன்னல் எனக்குத் தெரியாது.

செக்குபந்தி பக்கத்தைப் போட்டோ எடுத்து அத்தைப் பாட்டியோட பேரனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எனக்கு அண்ணன் முறை, ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் நைட் ஷிப்ட். விடிகாலை மூன்று மணிக்குப் பிரேக்கில் பார்த்திருக்கிறார். உடனே கூப்பிட்டார். பாட்டி பேரை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார், கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டார்: "தம்பி, சர்வே நம்பர் போட்டிருக்கா?"