நதி குடித்த மது

பூமிக்குள்ளிருந்து ஊறி வரும் தண்ணீர் என்றால் நமக்கு ஒரு தனி மரியாதை. ஆற்று நீரைக் கண்டால் காய்ச்சிக் குடிக்கலாமா என்று யோசிக்கிறவர்கள்கூட, ஊற்று நீர் என்றதும் இரு கைகளாலும் ஏந்திக் குடித்துவிடுவார்கள். பூமாதேவியே வடிகட்டித் தந்த நீருக்கு வேறு வடிகட்டி எதற்கு என்ற எண்ணம்தான். பிரெஞ்சு தேசத்திலும் ஒரு காலத்தில் இதே எண்ணம் இருந்தது. அதைக் கலைத்தவை, செத்துப்போன ஒரு கன்றுக்குட்டியும் தீப்பற்றி எரிந்த ஒரு மது ஆலையும்!

எதுவார் மார்தெல் என்று ஒரு வக்கீல். சட்டப் புத்தகங்களைவிடப் பாதாளக் குகைகளில் அவருக்கு மோகம் அதிகம். விடுமுறை வந்தால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவார். 1891-ஆம் ஆண்டில், தென்மேற்கே லோத் பிரதேசத்தில் ஓர் ஊற்றின் நீரைக் குடித்தார். கடுமையான நோயில் விழுந்தார். காரணம் பிறகு தெரிந்தது. ஊற்றுக்கு மேலே, பீடபூமியில் இருந்த ஒரு பாழும் குழியில் கன்றுக்குட்டியின் பிணம் அழுகிக் கிடந்தது. அதன்மேல் வழிந்த நீரைத்தான் அவர் குடித்திருக்கிறார்.

பூமி வடிகட்டவில்லையா? இல்லை. அந்தப் பிரதேசம் சுண்ணாம்புப் பாறையாலானது. மழைநீர் கரியமில வாயுவைச் சுமந்து இறங்கி அந்தப் பாறையை யுகயுகமாகக் கரைக்கிறது. விரிசல் குழாயாகிறது, குழாய் குகையாகிறது. மணலில் நீர் கசிந்து நடக்கும். இங்கேயோ கால்வாயில் பாய்வதுபோல் பாய்கிறது. வடிகட்ட அவகாசம் ஏது?

இதற்கு ஊரறிந்த சாட்சி பத்தாண்டு கழித்துக் கிடைத்தது. 1901 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, ஸ்விட்ஸர்லாந்து எல்லையை அடுத்த போந்தார்லியே நகரில் பெர்னோ மது ஆலைமீது இடி விழுந்தது. தொட்டிகள் வெடித்துவிடுமோ என்ற பயத்தில் அவற்றைத் திறந்துவிட்டார்கள். அப்ஸிந்த் என்ற அந்த மது வெள்ளமாக ஓடி, தூ நதியில் கலந்தது. இரண்டு நாள் சென்றது. சுமார் 12 கிலோமீட்டருக்கு அப்பால், லூ நதி பிறக்கும் குகை வாயிலில் மதுவின் வாசனை வீசியது! ஓவியர் கூர்பே 1864-இல் ஆசையோடு தீட்டிய அதே ஊற்றுதான். தூ நதி தன் நீரில் ஒரு பங்கை ரகசியமாகப் பூமிக்குள் விட, அதுவே லூவாகத் தலைகாட்டுகிறது என்று அன்றுதான் வெளிப்பட்டது. 1910-இல் தூ நதியில் சாயம் கரைத்துப் பார்த்து அதை உறுதி செய்தார்கள்.

மது மணத்தால் காட்டிக் கொடுத்துவிட்டது. நோய்க்கிருமிக்கு மணம் உண்டா? மார்தெலின் விடாமுயற்சி வீண்போகவில்லை. 1902 பிப்ரவரி 15-ஆம் தேதிப் பொதுச் சுகாதாரச் சட்டம், இறந்த பிராணிகளைக் குகைகளிலும் குழிகளிலும் எறிவதைக் குற்றமாக்கியது.

ஆனால் சட்டம், எறிந்த பிறகு தண்டிப்பது. எறிவதற்கு முன்பே, எந்த நிலத்தடி நீர் எளிதில் கெடும் என்று சொல்ல முடியாதா? 1968-இல் ழான் மார்கா என்ற பிரெஞ்சு அறிஞர் இந்த 'எளிதில் கெடும் தன்மை'யை ஒரு கருத்தாகவே வகுத்தார். 1970-இல் பிரான்ஸ் முழுவதற்கும் அப்படி ஒரு தேசப்படம் வெளியாயிற்று. 1987-இல் அமெரிக்கர்கள் 'டிராஸ்டிக்' என்ற கணக்கு முறையை முழுமையாக்கினார்கள். நீர் எத்தனை ஆழம், மழை எவ்வளவு இறங்குகிறது, மேல்மண் எப்படி, நிலச் சரிவு எவ்வளவு என்று ஏழு கேள்விகள். ஆழத்துக்கும், இடையிலுள்ள நீர் முழுதும் நிரம்பாத அடுக்குக்கும் 5 பங்கு மதிப்பு. சரிவுக்கு 1 பங்குதான்.

மணற்பாங்கான இடத்தார் இதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கிவிடவும் கூடாது. மெதுவாக இறங்கும் அழுக்கு மெதுவாகத்தான் வெளியேறும். உப்பும் உரச்சத்தும் மணலில் வடிகட்டப்படாமலே போய்விடும். இன்று நாம் கொட்டுவதை நம் பேரக்குழந்தைகள் இறைத்துக் குடிக்க நேரலாம்.

பூமாதேவி பொறுமைசாலிதான். ஆனால் எல்லா இடத்திலும் அவள் கையில் வடிகட்டி இல்லை. எங்கே இல்லை என்று கன்றுக்குட்டி செத்த பிறகு தெரிந்துகொள்வதைவிட, தேசப்படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது மேல்.