துய்னா: சீனர் வளர்த்த கைமருத்துவம்

சுளுக்கிய காலைக் கை தானே நாடிச்சென்று நீவுவது மாந்தர் இயல்பு. அவ்வியல்பைக் கல்வியாக வளர்த்து, அதற்குப் பாடமும் பதவியும் வகுத்த நாடு சீனம்.

‘மஞ்சள் பேரரசரின் உள்மருத்துவ நூல்’ எனும் பழஞ்சீன நூல், ஐந்து நிலப்பகுதிகளுக்கு ஐவகை மருத்துவம் கூறுகின்றது. நடுநிலம் சமதளமானது, ஈரம் மிக்கது. அங்கு வாழ்வோர் பலவகை உணவுண்டு, கடுமையாக உழைக்காதவர். ஆதலின் அவர்தம் உடற்சோர்வுக்கு உடற்பயிற்சியும் நீவுதலுமே ஏற்றவை என்பது அந்நூலார் கருத்து.

தாங் அரசமரபின் காலத்தில் (618-907) இக்கலை உச்சநிலை எய்தியது. அரசு மருத்துவக் கழகத்தின் நான்கு துறைகளுள் நீவுமருத்துவமும் ஒன்று. அத்துறையில் பேராசிரியர் ஒருவர், மருத்துவர் நால்வர், பணியாளர் 16 பேர், மாணவர் 15 பேர் இருந்தனர். காற்று, குளிர், வெப்பம், ஈரம், பசி, மிகையுணவு, உழைப்பு, ஓய்வு ஆகிய எட்டினால் விளையும் நோய்களை நீக்கவும், விழுந்து அடிபட்டோரின் உறுப்பைச் சீர்செய்யவும் மாணவர் பயின்றனர். ஓய்வையும் நோய்க்காரணமாக எண்ணியது எத்துணை நுட்பம்!

ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவ அறிஞர் சுன் சிமியாவ், நலமாக உள்ள குழந்தைக்கும் உச்சியிலும் உள்ளங்கை, உள்ளங்கால்களிலும் மருந்துக்களிம்பு தடவுமாறு எழுதினார். இந்திய நாட்டு அந்தணர் முறை என்று 18 அசைவுகளையும் அவர் தம் நூலில் சேர்த்தார். நீவுதல் என்னும் பெயர் பெற்றிருப்பினும், அவை பெரும்பாலும் ஒருவர் தாமே செய்துகொள்ளும் பயிற்சிகளே.

இத்தகைய கலை, மிங் அரசமரபின் காலத்தில் 1571ஆம் ஆண்டு அரசு மருத்துவத் துறைகளின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பிறர் உடலைத் தொடுதல் பண்பாகாது என்ற எண்ணம் அதற்கொரு காரணம் என்பர். தொடாமல் எங்ஙனம் துயர் தீர்ப்பது? கழகத்தை இழந்த கலை குழந்தைகளிடம் அடைக்கலம் புகுந்தது. குழந்தையைத் தொடுவதற்குத் தடை இல்லையன்றோ! 1601இல் வெளிவந்த ஊசிமருத்துவப் பெருநூல் ஒன்றில் குழந்தை நீவுமுறை தனிப்பகுதியாக இடம்பெற்றது. ‘துய்’ என்றால் தள்ளுதல்; ‘னா’ என்றால் பற்றுதல். இவ்விரண்டும் இணைந்த துய்னா என்ற பெயர் இக்காலத்துக் குழந்தை மருத்துவ நூல்கள் வழியே பரவியது. 1742ஆம் ஆண்டின் அரசு மருத்துவத் தொகுப்பு, எலும்பு சீர்செய்யும் எட்டுக் கைமுறைகளுள் இவ்விரண்டையும் வைத்தது.

1929இல் சீன அரசின் உடல்நலக் குழு பழைய மருத்துவத்தையே ஒழிக்கத் தீர்மானித்தது. மருத்துவர்களின் பெரும் எதிர்ப்பால் அது நிறைவேறவில்லை. பின்னர் 1956இல் சாங்காய் நகரில் துய்னா பயிற்சி வகுப்பு தொடங்கியது. 1958இல் அதற்கெனத் தனிப்பள்ளியும் அமைந்தது. கழகத்தை இழந்து 387 ஆண்டுகளுக்குப் பின் இக்கலை மீண்டும் பள்ளி கண்டது.

கழுத்துப்பிடிப்பு, இடுப்புவலி, தோள் இறுக்கம் முதலியவற்றுக்கு மக்கள் இன்றும் துய்னாவை நாடுகின்றனர். எலும்பு முறிவு, குருதிக்கட்டு, தோற்புண் உள்ள இடங்களில் அழுத்துவது கேடு பயக்கும். அதனை அறிந்து விலகுவதும் இக்கல்வியின் பகுதியே. ஆதலின் புதிய மாணவன் நோயாளியிடம் செல்வதற்கு முன், அரிசி நிரப்பிய சிறு பையின்மீது கட்டைவிரலை ஊன்றி, நாள்தோறும் நெடுநேரம் பயில்கின்றான்.