ரெக்சமின் பழைய கோல் கணக்கு

1930 அக்டோபர் 25 அன்று கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் இறங்கிய வேல்ஸ் அணியில், ஸ்காட்லாந்து ரசிகர்களுக்குத் தெரிந்த முகம் ஒன்றே ஒன்று. அது கேப்டன் ஃபிரெட் கீனர். 1927இல் கார்டிஃப் சிட்டிக்காக எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியவர் அவர். மற்ற பத்துப் பேரும் யார் யாரோ.

அன்று சனிக்கிழமை, லீக் ஆட்டங்கள் நடக்கும் நாள். தங்களிடம் ஆடிய வெல்ஷ் வீரர்களை அனுப்ப இங்கிலாந்துக் கிளப்புகள் மறுத்துவிட்டன. வெல்ஷ் கால்பந்துச் சங்கச் செயலாளர் டெட் ராபின்ஸ், லானெல்லி, கோல்வின் பே போன்ற சிற்றூர்க் கிளப்புகள் வரை தேடி ஆள் சேர்த்தார். 'கீனரும் ஊர்பேர் தெரியாத பத்துப் பேரும்' என்று அந்த அணிக்குப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெரிய தோல்வியை எல்லோரும் எதிர்பார்த்திருக்க, முதல் கோலை அடித்தது வேல்ஸ். ஸ்காட்லாந்து பிறகு ஒன்று போட, ஆட்டம் 1-1 என முடிந்தது.

அந்தக் கோலை அடித்தவர் டாமி பாம்ஃபோர்ட். இங்கிலாந்து லீக்கின் அடித்தட்டான மூன்றாம் டிவிஷன் வடக்கில், ரெக்சம் கிளப்பின் சென்டர் ஃபார்வர்ட்.

தெற்கு வேல்ஸின் போர்ட் டால்பட்டில் 1905இல் பிறந்த பாம்ஃபோர்ட், பிரிட்ஜெண்ட் டவுன் போன்ற உள்ளூர் அணிகளில் ஆடிவிட்டு, 1928-29 பருவத்தில் வடக்கே ரெக்சமுக்கு வந்தார். வெல்ஷ் கால்பந்துக்கு அது தாய்வீடு. வெல்ஷ் கால்பந்துச் சங்கம் 1876இல் உருவானது அந்த ஊரில்தான். வேல்ஸ் தன் மண்ணில் ஆடிய முதல் சர்வதேச ஆட்டமும் அடுத்த ஆண்டு அங்குள்ள ரேஸ்கோர்ஸ் மைதானத்தில்தான் நடந்தது. ஆனாலும் ரெக்சம் கிளப் ஆடியது இங்கிலாந்து லீக்கில், 1921இல் தொடங்கிய மூன்றாம் டிவிஷன் வடக்கில்.

அந்த டிவிஷனிலிருந்து மேலே போக ஒரே வழி முதலிடம். 22 அணிகள் 42 ஆட்டங்கள் ஆடி, ஒரே ஒரு அணி இரண்டாம் டிவிஷனுக்கு உயரும். இரண்டாம் இடத்துக்கு மதிப்பே கிடையாது. 1932-33இல் ரெக்சம் நூறு கோல்களுக்கு மேல் அடித்தது. ஹல் சிட்டிக்கு இரண்டே புள்ளி பின்தங்கி இரண்டாவதாக வந்தது. மறுபருவமும் அதே டிவிஷன்தான்.

அந்த மறுபருவத்தில்தான் பாம்ஃபோர்ட் லீக்கில் மட்டும் 44 கோல் போட்டார். 1934 ஜனவரியில் டிவிஷன் கோப்பைக்கான ஆட்டமொன்றில் ரெக்சம், நியூ பிரைட்டனை 11-1 என்று நொறுக்கியதும் அதே பருவம்தான். கிளப்பின் மிகப் பெரிய வெற்றி இன்றும் அதுவே.

கோல்கள் மலிந்த காலம் அது என்று சொல்லி இந்தக் கணக்கைக் குறைத்து மதிப்பிடுவது எளிது. அதில் உண்மையும் உண்டு. முன்பெல்லாம் சக வீரர் பந்தை உதைக்கும் வேளையில் தாக்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் ஆஃப்சைட். 1925இல் அது இருவராகக் குறைந்தது. முதல் டிவிஷனின் மொத்தக் கோல்கள் ஒரே ஆண்டில் 1,192லிருந்து 1,703ஆகத் தாவின. கீழ் டிவிஷன்களில் கேட்கவே வேண்டாம். 1935இல் டிரான்மியர் ரோவர்ஸின் பன்னி பெல் ஒரே ஆட்டத்தில் ஒன்பது கோல் அடித்தார். சில மாதங்களில் லூட்டனின் ஜோ பெய்ன் பத்து அடித்தார்.

ஆனால் ஒருநாள் அதிசயம் வேறு, ஆறு பருவ உழைப்பு வேறு. ரெக்சமுக்காக 204 லீக் ஆட்டங்களில் 174 கோல். எல்லாப் போட்டிகளையும் சேர்த்தால் 200க்கு மேல். இத்தனை அடித்தும் சம்பளம் ஓர் எல்லைக்கு மேல் ஏற வழியில்லை. பருவ காலத்தில் வாரத்துக்கு 8 பவுண்டு என்பது லீக் முழுவதற்கும் உச்சவரம்பு. முதல் டிவிஷன் நட்சத்திரமும் சட்டப்படி அதற்கு மேல் வாங்க முடியாது.

பார்வையாளர் படிக்கட்டுகளில் நின்றவர்களின் நிலை இன்னும் கடினம். ரெக்சமைச் சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். 1934 செப்டம்பர் 22, சனிக்கிழமை. அன்று பிற்பகல் டிரான்மியர் ரோவர்ஸுடன் ஆட்டம். அதைப் பார்ப்பதற்காகவே கிரெஸ்ஃபோர்ட் சுரங்கத் தொழிலாளர்களில் பலர் பகல் முறையை மாற்றிக்கொண்டு வெள்ளி இரவே உள்ளே இறங்கியிருந்தார்கள். அதிகாலை இரண்டு மணிக்குப் பிறகு சுரங்கம் வெடித்தது. மொத்தம் 266 பேர் மாண்டார்கள். பெரும்பாலோரின் உடல்களை வெளியே கொண்டுவரவே முடியவில்லை.

அடுத்த மாதம் பாம்ஃபோர்ட், சக வீரர் பில்லி பிரையன்ட்டுடன் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். அன்றைய யுனைடெட்டை இன்றைய யுனைடெட்டாக நினைத்துவிடக் கூடாது. அந்த ஆண்டு மே மாதம், பருவத்தின் கடைசி நாளில் மில்வாலை வென்றதால்தான் மூன்றாம் டிவிஷனுக்குச் சரியாமல் தப்பிய அணி அது. பாம்ஃபோர்ட் வந்த அடுத்த பருவத்தில், 1935-36இல், இரண்டாம் டிவிஷன் சாம்பியன். உடனே மீண்டும் கீழே விழுந்து, 1938இல் மீண்டும் மேலே ஏறியது. இந்த ஏற்ற இறக்கங்களுக்கு நடுவே அவர் 109 ஆட்டங்களில் 57 கோல் அடித்தார். மூன்றாம் டிவிஷன் தடுப்பாட்டம் பலவீனமாக இருந்ததால்தான் கோல் குவித்தார் என்போருக்கு இதுவே பதில்.

1938இல் சொந்தப் பகுதிக்குத் திரும்பி ஸ்வான்சீ டவுனில் சேர்ந்தார். மறு ஆண்டு செப்டம்பரில், பருவம் தொடங்கி மூன்றே ஆட்டங்களில் போர் வந்து லீக்கை நிறுத்தியது. 34 வயதுக்காரருக்கு அதன்பின் லீக் வாழ்க்கை இல்லை. வேல்ஸுக்கு ஆடியது ஐந்தே சர்வதேச ஆட்டங்கள். 1967இல் காலமானார்.

2021இல் ஹாலிவுட் நடிகர்கள் ரயன் ரெனால்ட்ஸும் ராப் மெக்எல்ஹென்னியும் வாங்கிய பிறகு ரெக்சம் உலகம் அறிந்த கிளப் ஆகிவிட்டது. 2023 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் டிவிஷன் உயர்ந்தது. அந்த எழுச்சியின் நாயகன் பால் மல்லின் 2022-23இல் 46 ஆட்டங்கள் கொண்ட நேஷனல் லீக்கில் 38 கோல் அடித்தார். பணமும் கேமராக்களும் வந்துவிட்டன. ஒரே பருவத்தில் 44 லீக் கோல் என்ற 1934இன் சாதனை மட்டும் இன்னும் பாம்ஃபோர்ட் பெயரிலேயே இருக்கிறது.