பூச்சியத்துக்குப் பின்னால்

உயர்தர வகுப்பு இரசாயன நூல்களிலே, பொருள்களின் தோன்றல் வெப்பத்தைக் கூறும் அட்டவணையொன்று உண்டு. அதிற் காரீயத்துக்கு எதிரே பூச்சியம் என்று அச்சிட்டிருப்பர். காபன் சேர்வைகளை அளப்பதற்கு விஞ்ஞானிகள் வகுத்துக்கொண்ட தொடக்கப்புள்ளி அது. அதிற் குறைகாண இடமில்லை. ஆயினும், தமிழ் கற்பிக்கும் எனக்கு அப்பூச்சியத்தைக் காணுந்தோறும் இந்நாட்டுக் காரீயத்தின் சரித்திரமே நினைவுக்கு வருகின்றது.

முதலில் மின்கலத்தின் தத்துவத்தை நோக்குவோம். நாகத்தூளைச் செப்புச் சல்பேற்றுக் கரைசலில் இட்டாற் பாத்திரம் சுடும். மூலொன்றுக்கு ஏறத்தாழ 219 கிலோயூல் சக்தி வெப்பமாகி வீணே கலைந்துவிடும். அதே நாகத்தையும் செப்பு அயன்களையும் பிரித்துவைத்து, இலத்திரன்கள் கம்பி வழியாகவே செல்லுமாறு செய்தால், அச்சக்தியின் பெரும்பங்கு மின்னாகி வேலை செய்கின்றது. 1866இல் பிரான்சு நாட்டு லெக்லாஞ்சே நாகத்தோடு மங்கனீசீரொட்சைட்டைச் சேர்த்தமைத்த கலமும் இவ்வகையினதே. செர்மனியரான காசுனர் 1886இல் அதனை உலர்கலமாக்கினார். நற்பிட்டிமுனை வயல்களில் இராக்காவல் செய்த விவசாயியின் டோர்ச்சு விளக்கு எரிந்தது இவ்வழியில்தான். மங்கனீசீரொட்சைட்டு மின்னை நன்கு கடத்தாது; ஆதலால் அதனோடு காரீயத்தூளோ வேறு கரித்தூளோ கலப்பர்.

ஆனால் இலங்கைக் காரீயத்தை அந்நியர் முதலில் நாடியது உலோகம் உருக்கும் மூசைகளுக்காகவே. சிங்களத்தில் மினிரன் எனப்படும் இப்பொருள் கேகாலை, குருநாகல், களுத்துறைப் பகுதிகளில் பாறைப் பிளவுகளிலே நரம்புபோல் ஓடுகின்றது. அதனை வெட்டியோர் பெரும்பாலும் சிங்களக் கிராமத்து ஏழைகள். காட்டுத்தடிகளைக் கொடியாற் பிணைத்த ஏணிகளே அவர்களுக்கு வழி. காரீயம் படிந்த ஏணி எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். கால் தவறினால் உயிர்தான் போகும். மேலே வந்த கட்டிகளைக் கொழும்புக் கிட்டங்கிகளிலே பெண்கள் உடைத்துத் தரம்பிரித்தனர். இவ்வியாபாரத்தாற் செல்வரானோரும் உண்டு. முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் தந்தையார் அவர்களுள் ஒருவர்.

முதலாம் உலக யுத்தம் மூண்டதும் ஆயுத ஆலைகளுக்கு மூசைகள் வேண்டியிருந்தன. 1916இல் 30,000 தொன்னுக்கு மேல் கப்பலேறியது. யுத்தம் ஓய்ந்தது, மடகஸ்கார்க் காரீயமும் சந்தையிற் போட்டியிட்டது, விலை வீழ்ந்தது, சுரங்கங்கள் மூடப்பட்டன. ஐரோப்பாவிலே சமாதானம் மலர்ந்தபோது கேகாலைக் கிராமங்களில் அடுப்பு அணைந்தது என்று சொன்னால் மிகையாகாது. நமது சரித்திரப் பாடங்களிலே இது பேசப்படுவது அரிது.

இன்று காரீயத்துக்கு மீண்டும் கேள்வி பிறந்துள்ளது. எரிபொருட் கலங்களின் தகடுகளுக்கும் அது பயன்படுகின்றது. எனினும் இலிதியம் கலமே பெரிது. மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் காரீயத்தின் படைகளுக்கிடையே சென்று தங்குகின்றன. ஆறு காபன் அணுக்களுக்கு ஓர் இலிதியம் என்பது அதன் எல்லை. பாவிக்கும்போது அவை வெளியேற, சேமித்த சக்தி மின்னாகத் திரும்புகின்றது. இக்கலத்தை உருவாக்கிய மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

1971இல் அரசுடைமையாக்கப்பட்ட சுரங்கங்களுள் போகல 1991இல் தனியார் கைக்கு மாறி, பின்னர் செர்மன் நிறுவனமொன்றின் வசமாயிற்று. கஹட்டகஹ அரசிடமே உள்ளது. அங்கே ஏறத்தாழ 600 மீற்றர் ஆழத்திலிருந்து தொழிலாளர் வெட்டியெடுக்கும் காரீயம் கடல் கடந்து செல்கின்றது. நம் மாணவரின் கைப்பேசிக் கலம் கடல் கடந்து வருகின்றது.